கிரீன் டீயும் கல் உப்பும்: வீட்டிலேயே செய்யும் தூவல் உப்பு

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து அடுப்படிகளில் உப்பு ஜாடி வியர்க்க ஆரம்பித்துவிடும். காலையில் மூடியைத் திறந்தால் மேலே கல் உப்பு, அடியில் ஒரு விரற்கடை தண்ணீர். சாயல்குடியிலிருந்து தொண்டி வரை ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் இதே கதைதான். அப்பத்தா ஜாடிக்கு அடியில் ஒரு பிடி அரிசி போட்டு வைப்பார். இரண்டு வரமிளகாயைச் செருகி வைப்பவர்களும் உண்டு. உப்பளம் சைக்கிள் போகிற தூரத்தில் இருக்கும் ஊரில், உப்பைக் காப்பாற்றுவதே ஒரு தனி வேலை.

கிரீன் டீயும் மசாலாவும் சேர்த்து உப்பு செய்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு இந்த ஜாடியிலிருந்துதான் சொல்லத் தொடங்குவேன். பொருட்கள் காய்ந்து தயாராக இருந்தால் செய்கிற வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கட்டி தட்டாமல், வாசம் போகாமல் ஒரு மாதம் வைத்திருப்பதில்தான் சூட்சுமம். அது முழுக்க முழுக்க ஈரத்தோடு நடக்கும் மல்லுக்கட்டு.

முதலில், சுவை உப்பு என்றால் என்ன? உப்போடு வாசனைப் பொருட்களை நன்றாக உலர்ந்த நிலையில் இடித்துக் கலந்தது, அவ்வளவுதான். கொதிக்கிற குழம்பில் போடுவதற்கு இல்லை; சமைத்து முடித்ததன் மேல், சாப்பிடப் போகும் நேரத்தில் தூவுவதற்கு. பெயர்தான் புதிது. மாங்காயைக் கீறி, மிளகாய்த்தூள் கலந்த உப்பை உள்ளே தடவி, ராமேஸ்வரத்திலும் தனுஷ்கோடி போகிற வழியிலும் விற்கிறார்களே, அதுவும் சுவை உப்புதான். ஜப்பானில் மச்சா என்கிற பச்சைத் தேயிலைப் பொடியை உப்போடு கலந்து வைத்துக்கொண்டு, டெம்புராவை (நம் பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்) அதில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். நாம் செய்யப்போவது மாங்காய் வண்டிக்கும் ஜப்பானுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும்.

தேயிலையை எதற்கு உப்போடு சேர்க்க வேண்டும்? அது குடிக்கிற பொருள் ஆயிற்றே? ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கிரீன் டீ இலை கொஞ்சத்தை விரலால் கசக்கிப் பொடியாக்கி நாக்கில் வையுங்கள். முதலில் கசக்கும், அப்புறம் நெல்லிக்காய் கடித்த மாதிரி நாக்கைப் பிடித்து இழுக்கும். வாயைக் கொப்பளித்துவிட்டு, அதே அளவு பொடியோடு இரண்டு மூன்று பரல் உப்பைச் சேர்த்து வையுங்கள். கசப்பு பாதியாக அடங்கியிருக்கும். கசப்பை நாக்கு உணர்வதை உப்பில் உள்ள சோடியம் மட்டுப்படுத்துகிறது. நாம் மறைத்துவிட்டோம் என்று நாக்குக்குத் தெரியாது. கசப்பு ஒதுங்கியதும் அதுவரை பின்னால் நின்ற ஒரு சுவை முன்னால் வரும். கீரை வேகவைத்த தண்ணீர் போல, லேசான இனிப்போடு, வாயில் நிற்கிற ஒரு சாறு. தேயிலையில் தியானைன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அந்தச் சுவையில் அதற்குப் பெரிய பங்கு. உப்பும் தேயிலையும் ஒட்டிப்போவதற்குக் காரணம் இதுதான்.

கிரீன் டீக்கும் சாதாரண டீத்தூளுக்கும் செடி ஒன்றுதான். பறித்த இலையைக் கசக்கிக் காற்றாட விட்டால் கறுத்து நம் டீக்கடை டீத்தூள் ஆகிறது. பறித்த சூட்டோடு ஆவியிலோ சட்டியிலோ காட்டி அந்த மாற்றத்தை நிறுத்திவிட்டால் பச்சையாகவே நிற்கிறது. நீலகிரியிலிருந்து வருகிற சாதா கிரீன் டீ இந்த வேலைக்குப் போதும். எலுமிச்சை, தேன், புதினா என்று செயற்கை மணம் ஏற்றிய பாக்கெட் வேண்டாம்; உப்பில் சேர்ந்தால் சோப்பு வாடை அடிக்கும். டீ பேக் இருந்தால் கிழித்து எடுத்துக்கொள்ளலாம், ஒன்றில் சுமார் 2 கிராம் இருக்கும். ஏற்கெனவே டீ போட்டு எடுத்த சக்கையைக் காயவைத்துப் போடலாமா என்று மதினி கேட்டார். போடலாம். வாசமெல்லாம் டம்ளரோடு போயிருக்கும், வைக்கோல் தின்கிற மாதிரி இருக்கும்.

இனி உப்பு. இதில் கொஞ்சம் நின்று போகலாம், ஏனென்றால் விஷயம் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் உப்பு ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பூர் என்றே ஓர் ஊர் உண்டு. அங்கே இருக்கும் பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று பெயர். உப்பு விளைகிற ஊரில் வெயிலை விரும்புகிற சாமி இருப்பது பொருத்தம்தான். வாலிநோக்கம் பக்கம் போனால், 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் அளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கும்.

அளத்தில் நடப்பது இது. கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரை பங்குதான் உப்புக்கள். அந்தத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி மாற்றி வெயிலில் வற்றவிடுகிறார்கள். அடர்த்தியை 'டிகிரி' என்று கணக்குச் சொல்வார்கள். தண்ணீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் படிந்துவிடும். சுமார் 25 டிகிரிக்கு வந்ததும் நாம் சாப்பிடும் உப்பு பரல் கட்டத் தொடங்கும். அதையும் தாண்டி வற்றவிட்டால் மிஞ்சுவது மெக்னீசியம் நிறைந்த கசப்புத் தண்ணீர். அதை வடித்துவிட்டு உப்பை வாரிக் குவித்தால் நல்ல உப்பு. வடிக்காமல் வாரினால் அந்தத் தண்ணீரும் பரலோடு ஒட்டிக்கொண்டு வரும்.

ஜாடி வியர்ப்பது இதனால்தான். சுத்தமான உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டினால்தான் தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 போதும். கடலோரத்தில் ராத்திரியும் விடியற்காலையும் 75 சர்வசாதாரணம். மழைக்காலத்தில் பகலிலும் அப்படித்தான். ஆகவே சுத்தமான உப்பே இங்கே தாக்குப்பிடிக்காது. கசப்புத் தண்ணீர் ஒட்டிய உப்பு பகல் வெயிலில்கூட நசநசக்கும். மதுரையில் இருக்கும் என் தங்கைக்கு இந்தக் கஷ்டம் பாதிகூட இல்லை. அதே பாக்கெட், அதே ஜாடி. அங்கே பொலபொலவென்று கிடக்கிறது.

இந்த ஈரத்தில் தேயிலையும் மசாலாவும் போய் விழுந்தால் என்ன ஆகும்? உப்பு இழுத்த தண்ணீர் இலைப்பொடிக்குள் இறங்கும். பச்சை நிறம் இரண்டு நாளில் சாணி நிறத்துக்கு மாறும், வாசம் செத்துவிடும், மொத்தமும் கல்லாக இறுகும். உப்பு இவ்வளவு இருப்பதால் சட்டென்று கெட்டுப்போகாது என்பது உண்மை; கருவாடு நிற்பதும் அதே தயவில்தான். கெடாமல் இருந்துவிட்டால் போதுமா, தூவுகிற மாதிரி இருக்க வேண்டாமா?

எனவே செய்கிற வரிசையில் உப்பைக் காயவைப்பதுதான் முதல் வேலை. அடி கனமான சட்டியை (மண்சட்டி ரொம்ப நல்லது) சிறுதீயில் வைத்துக் கல் உப்பைப் போட்டுக் கிளறுங்கள். கொஞ்ச நேரத்தில் படபடவென்று வெடிக்கும். பரல் உருவாகும்போது அதன் வயிற்றுக்குள்ளேயே துளித்துளியாக உப்புத்தண்ணீர் சிக்கியிருக்கும். அது சூட்டில் ஆவியாகிப் பரலைப் பிளந்துகொண்டு வரும் சத்தம் அது. முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், ஒரு தட்டைச் சாய்த்து மூடிக்கொள்ளுங்கள். சத்தம் அடங்கியதும் இறக்கிவிடலாம். ரொம்ப நேரம் வறுத்தால் உப்பில் சேர்த்திருக்கும் அயோடினும் குறையும். அளத்து உப்பை அப்படியே அள்ளிவந்து செய்வதை விட, கடையில் அயோடின் கலந்த கல் உப்பு பாக்கெட் வாங்குவதே மேல். உணவுக்கு விற்கும் உப்பில் அயோடின் இருக்க வேண்டும் என்பது நாடெங்கும் 2006 முதல் சட்டம். முன்கழுத்துக் கழலை வராமல் இருப்பதற்கான ஏற்பாடு.

அடுத்தது மசாலா. 100 கிராம் கல் உப்புக்கு நான் போடுகிற கணக்கு: கிரீன் டீ 10 கிராம், அதாவது ஏறத்தாழ 5 டீஸ்பூன், மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், விதை தட்டிய குண்டு மிளகாய் இரண்டு, காய்ந்த எலுமிச்சைத் தோல் ஒரு டீஸ்பூன், காய்ந்த கறிவேப்பிலை ஒரு சின்னப் பிடி. பூண்டு பிடிக்கும் என்றால் கடையில் விற்கும் பூண்டுப் பொடி கால் டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். பச்சைப் பூண்டைத் தட்டிப் போடவே கூடாது. அதில் பாதிக்கு மேல் தண்ணீர்.

குண்டு மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை. ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதும் இதுதான். கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கத்து மானாவாரி நிலத்தில் விளைவது. தோல் தடிமன், நிறம் கறுஞ்சிவப்பு. காரம் நாக்கைக் குத்தாமல் தொண்டையில் மெல்ல ஏறும். நீட்டு மிளகாய் போட்டால் காரம் முந்திக்கொண்டு தேயிலையை அமுக்கிவிடும். குண்டு மிளகாய் கொஞ்சம் வழிவிட்டு நிற்கும். வேறு ஊரில் இருப்பவர்கள் எந்த மிளகாய் கிடைக்கிறதோ அதில் ஒன்று போடுங்கள், ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம்.

எலுமிச்சைத் தோலில்தான் நான் முதல் தடவை மாட்டிக்கொண்டேன். தோலைத் துருவி, ஒருநாள் வெயில் காட்டி, கையில் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிறதே என்று போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஜாடியைக் கவிழ்த்தால் ஒரே கட்டியாக, ஜாடியின் வடிவத்தில் விழுந்தது. காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்காதீர்கள், ஒடித்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சடக்கென்று ஒடிந்தால் சரி. கறிவேப்பிலைக்கும் இதே சோதனைதான், கசக்கினால் சருகுபோல நொறுங்க வேண்டும். தோலைச் சீவும்போது உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி வரக்கூடாது, அது தனியாகக் கசக்கும். கறிவேப்பிலையை நிழலில் காயவைத்தால் நிறம் நிற்கும்.

இன்னொன்று, கடலோரத்துக்காரர்களுக்கு மட்டும்: மாடியில் கருவாடு காய்கிற நாளில் தேயிலை பாக்கெட்டைத் திறந்து வைக்காதீர்கள். தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் வாங்கிக்கொள்ளும். எங்கள் வீட்டில் ஒரு தடவை நெத்திலி மணத்தில் கிரீன் டீ குடித்தோம்.

எல்லாம் காய்ந்தாகிவிட்டதா? மிளகையும் சீரகத்தையும் வெறும் சட்டியில், வாசம் கிளம்பும் வரை மட்டும் வறுத்துக்கொள்ளுங்கள். மிளகாயைக் கடைசியில் அதே சூட்டில் ஒரு புரட்டு. அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியின் மிச்சச் சூட்டில் தேயிலையை அரை நிமிஷம் காட்டினால் போதும். தேயிலையை வறுக்கக் கூடாது. அதன் வாசம் லேசான எண்ணெய்களில் இருக்கிறது, சூடு ஏறினால் பறந்துவிடும். தெரியாமல் வறுபட்டுப் பழுப்பாகிவிட்டால் கொட்டிவிட வேண்டாம். ஜப்பானில் ஹோஜிச்சா என்று வேண்டுமென்றே வறுத்த கிரீன் டீயே இருக்கிறது. அது வேறு ருசி, கடலை வறுத்த மணம் வரும். மீனுக்கு அது மோசமில்லை.

எல்லாம் நன்றாக ஆறட்டும். சூட்டோடு மிக்ஸியில் போட்டால் மூடியின் உள்பக்கம் ஆவி முத்துமுத்தாகக் கட்டி, அது திரும்ப உப்பிலேயே விழும். முதலில் மிளகு, சீரகம், மிளகாய், தோல், இவை பாதி உடைந்ததும் தேயிலையும் கறிவேப்பிலையும், கடைசியில் உப்பு. பொத்தானை அழுத்தி அழுத்தி விடுங்கள், தொடர்ந்து ஓட்டினால் ஜாரே சூடாகிவிடும். உப்புப் பரலின் முனைகள் இலையை அரம் மாதிரி அராவி உடைப்பதால், உப்பு சேர்ந்த பிறகு இரண்டு மூன்று சுற்றே போதும். அம்மியோ சின்ன உரலோ இருந்தால் இன்னும் நல்லது. மிக்ஸி என்றால் எவர்சில்வர் ஜாரில் அரையுங்கள். அரைத்ததும் உடனே கழுவித் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உப்பு பிளேடை அரித்துவிடும்.

எவ்வளவு நைசாக அரைப்பது? இதற்கு நான் கண்டுபிடித்த பதில் ராமநாதபுரத்திலிருந்து மதுரை போகிற பஸ்ஸில் கிடைத்தது. தங்கைக்கு ஒரு பாட்டில் கொண்டுபோனேன். உப்பைப் பரல் பரலாக விட்டு, தேயிலையை மட்டும் மாவு போல அரைத்திருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இறங்கிப் பார்த்தால் பாட்டிலுக்குள் இரண்டு மாடி: மேலே வெள்ளை உப்பு, அடியில் பச்சைத்தூள். குலுங்கக் குலுங்க, நைசான தூள் பெரிய பரல்களின் சந்து வழியே கீழே இறங்கிவிடுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமனில் இருந்தால் இது நடக்காது. குருணை ரவை அளவுக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடுங்கள். விரலால் கிள்ளி எடுக்கும்போது உப்பும் இலையும் சேர்ந்தே வர வேண்டும்.

தூவிப் பார்க்க வேண்டிய இடங்கள் நிறைய. என் முதல் சிபாரிசு அவித்த பனங்கிழங்கு. தை மாதத்தில் கிழங்கு வந்ததும், நார் உரித்து ஒடித்து, நுனியை இந்த உப்பில் தொட்டுக் கடித்துப் பாருங்கள். கிழங்கின் லேசான கசப்பும் தேயிலையின் துவர்ப்பும் ஒன்றையொன்று தெரிந்தவை போலப் பேசிக்கொள்ளும். அவித்த முட்டை, வெள்ளரிப் பிஞ்சு, கொய்யா, மாங்காய், தயிர்சாதம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். மோரில் போட்டால் தூள் மிதக்கும், எனக்குப் பிடிக்கவில்லை.

மீனுக்கு ஒரு முறை இருக்கிறது. பொரித்த மீனைச் சட்டியிலிருந்து எடுத்து, மேலே எண்ணெய் இன்னும் மினுங்கும்போதே தூவ வேண்டும். அந்த எண்ணெயில்தான் உப்பு ஒட்டும். அந்தச் சூட்டில்தான் தேயிலை வாசம் விழிக்கும். ஆறிய மீனில் தூவினால் உதிர்ந்து தட்டில் கிடக்கும். கணவாய் வறுவலுக்கும் இப்படியே. பொரிக்கும் முன்பே இந்த உப்பைத் தடவி ஊறவைத்தால், உப்பு மீனின் தண்ணீரை வெளியே இழுக்கும், தேயிலை எண்ணெயில் கருகிக் கசக்கும். நஷ்டம் இரண்டு பக்கமும். குழம்பில் கொதிக்கவிடுவதும் வீண். குழம்புக்கு ஜாடியில் இருக்கும் சாதா உப்பே போதும், அதற்கு இந்தப் பவிசெல்லாம் தேவையில்லை.

கிரீன் டீ சேர்ந்திருப்பதால் இது உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது உப்பு. மேலே சொன்ன கணக்கில் ஆறில் ஐந்து பங்கு உப்புதான். பெரியவர்களுக்கு எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வீட்டில் இதைச் சாப்பாட்டு மேஜையில் திறந்து வைக்காமல் இருப்பதே நல்லது. கை தானாகப் போகும். ஒரு சௌகரியம் உண்டு: வாசம் இருப்பதால் ஒரு சிட்டிகையிலேயே தூவின மாதிரி தெரியும். அதற்காகச் சமையலில் போடும் உப்பைக் குறைத்தால்தான் கணக்கு சரியாகும், குறைக்காமல் மேலே தூவினால் கூடுதல்தான். டீயில் இருக்கும் காஃபீன் ஒரு சிட்டிகையில் பெயரளவுக்குத்தான் வரும், குழந்தைகளுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

வைப்பதற்குச் சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இறுக்கமான மூடியோடு. ஒரே பெரிய பாட்டிலில் வைத்தால் திறக்கிற ஒவ்வொரு தடவையும் கடல்காற்று மொத்தத்துக்கும் போய்ச் சேரும். தகர மூடி துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் மூடியே நல்லது. அடியில் வறுத்து ஆறின அரிசி கொஞ்சத்தைச் சின்னத் துணியில் முடிந்து போடலாம். அப்பத்தா செய்ததுதான், முடிச்சு மட்டும் என் சேர்க்கை. தூவும்போது அரிசி வந்து விழாது. வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். பச்சை நிறம் ஒரு மாதம் நிற்கும், அதற்கப்புறம் மங்கும். மங்கினாலும் சாப்பிடலாம், வாசம்தான் குறைந்திருக்கும்.

மழை நாளில் பிசுபிசுத்துவிட்டால், தோசை ஊற்றி முடித்து அடுப்பை அணைத்த பிறகு, கல் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு தாளை விரித்து அதன் மேல் உப்பைப் பரப்பிவிடுங்கள். பத்து நிமிஷத்தில் பொலபொலவென்று ஆகிவிடும். நான் கார்த்திகை முடியும் வரை வாரம் ஒருமுறை இப்படித்தான் செய்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தோசைக்குப் பிறகு.